குரங்கு மேட்டுக்கு ஒரு வண்டி

இசோகோ கல்யாணமாகித் தாகாஉராவுக்கு வந்த வருஷம், மாமியார் அவள் கையில் ஒரு வாளி, ஒரு மண்வெட்டி, ஒரு துண்டு நிலம் மூன்றையும் கொடுத்தார். வாளி ஓட்டை. மண்வெட்டிக்குப் பிடி ஆடியது. நிலமோ ஊருக்கே உச்சியில், குரங்கு மேடு என்று பெயர் வாங்கிய இடம். குரங்குகூட நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் ஏறும் என்பார்கள். உள்நாட்டு ஊரில் வெந்நீர்க் குளியல் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். வழவழப்பான ஓட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவிய கையே தவிர, மண்ணைத் தொட்ட கை இல்லை. ஒரு மாதத்தில் அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு ஓடிவிடுவாள் என்று மாமியார் கணக்குப் போட்டிருந்தார்.

அவள் ஓடவில்லை. முப்பத்தெட்டுக் கமலா ஆரஞ்சுக் கன்றுகளை முதுகில் கட்டிச் சுமந்துபோய் அங்கே நட்டாள். அப்போது மேட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது, தண்ணீரும் முதுகில்தான் போனது. ஆறாவது வருஷம் முதல் பழம் பறித்தபோது மாமியார் ஒரு சுளையை வாயில் போட்டு, மென்று, இன்னொரு சுளையை எடுத்தார். அந்தக் கரையில் மூன்று வெயில் என்று ஒரு பேச்சு உண்டு. வானத்து வெயில், கடலில் பட்டுத் திரும்பும் வெயில், கல்சுவரில் பட்டுத் திரும்பும் வெயில். மூன்றும் முழுசாக விழுந்த ஒரே இடம் குரங்கு மேடுதான். அதற்கப்புறம் ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், புத்தாண்டுக்குப் பழம் அனுப்புவது என்றாலும், "இசோகோ மரத்துப் பழம் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். எய்சாகு வீட்டுப் பழம் என்று யாரும் சொல்லவில்லை. எய்சாகு அவள் கணவர். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. நிறையப் பெருமையும் உண்டு.

அந்த எய்சாகுதான் ஒரு வருஷம் ஜூன் மாதம் கீழே விழுந்தார். மலைச்சரிவில் பெட்டி ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சரக்கு இயந்திரம் ஒன்று உண்டு. அது குரங்கு மேட்டுக்கு ரொம்பக் கீழேயே நின்றுவிடும். அதில் ஆள் ஏறக்கூடாது என்று பலகை எழுதி மாட்டியிருக்கும். எய்சாகு அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்து போய், வளைவில் சரிந்து, இடது முழங்காலை உடைத்துக்கொண்டார். ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் போவார்கள். விழுந்தவர் முட்டாள், விழாதவர் சாமர்த்தியசாலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்ட காலிலே படும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. அதே மாதம் அவர்களுடைய பழைய குட்டி லாரியும் போய்ச் சேர்ந்தது. இருபத்தேழு வருஷம் உழைத்த வண்டி. கடல் உப்பு அடித்தளத்தைத் தின்றே விட்டது. பரிசோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் அதிகாரி ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

தாகாஉராவில் குட்டி லாரி இல்லாத குடும்பம், கால் இல்லாத மேஜை. பழமும் உரமும் அதில்தான், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையும் அதில்தான், பிரேதம் எடுக்கிற நாளில் நாற்காலிகளும் அதில்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரங்கு மேட்டுக்குப் போகும் சிமெண்டுப் பாதை வண்டியின் அகலத்தைவிட இரண்டு சாண்தான் அதிகம். ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் அடுத்த படித்தோட்டம், அதுவும் ஆளுயரம் கீழே. உச்சியில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் அந்த ஊரில் எல்லாரும் ரிவர்ஸில்தான் மலை ஏறுவார்கள். பாரத்தோடு இறங்கும்போது மூக்கு கீழே பார்த்து இருக்க வேண்டும் என்பது சட்டம் மாதிரி. வெளியூர்க்காரன் பார்த்தால் வண்டிதான் சறுக்குகிறது என்று பதறுவான், சறுக்குவது ஏன் மேல்நோக்கிப் போகிறது என்று அப்புறம் முழிப்பான்.

மறு வருஷம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எய்சாகுவின் தம்பி ஷிகெதோ வந்தான். ஊர்ப் பழக் குழுவுக்குத் தலைவன் அவன். கெட்டவன் இல்லை. ஆனால் நல்லதைக்கூடக் கெட்ட செய்தி மாதிரிதான் சொல்வான். பொரித்த மீன் வடையை இரண்டாகப் பிட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. குரங்கு மேட்டை விட்டுடலாம்."

"விட்டுட்டு?"

"மரத்தை வெட்டிடலாம். பழம் பறிக்காம விட்டா காட்டுப்பன்னி வரும். ஒரு தடவ ருசி கண்டுச்சுன்னா ஊருத் தோட்டம் பூராவும் போயிடும். அண்ணனுக்கோ கால் இல்ல, உங்களுக்கு வயசு அறுபத்து நாலு. யார் ஏறி யார் இறக்குறது?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா! சரி, இந்த டிசம்பர் இருபதாம் தேதி கடைசி லோடு போறதுக்குள்ள அந்தப் பழம் மொத்தமும் கீழ வந்துச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா ஜனவரியில நானே மெஷின் ரம்பத்தோட வரேன். குழுவுலயும் அதான் பேசியிருக்கு."

இசோகோ கணவரைப் பார்த்தாள். எய்சாகு நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டுதான் ஆட்டினார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாற்பது வருஷத்தில் அந்த மனுஷன் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததே இல்லை. எழுந்துபோய் மீன் வடைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஷிகெதோவின் கையில் பாதி வடை மட்டும் மிஞ்சியது.

மறுநாளே வண்டி பார்க்கக் கிளம்பினாள். டவுனில் வண்டி விற்கும் நிஷிமோரி, எடுத்த எடுப்பில் வெள்ளை வெளேரென்று ஒரு புது வண்டியைக் காட்டினார். கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம், குளிர்சாதனம் உண்டு, கதவைத் திறந்தால் விளக்கு எரியும்.

"என்னா இழுவை தெரியுமாம்மா! மலைல ஏத்துனீங்கன்னா சும்மா பறக்கும். உங்க ஊர்லயே நாலு பேரு வாங்கியிருக்காங்க."

"ஏறும் சரி. இறங்குமா?"

நிஷிமோரி சிரித்தார். "ஏறுனது இறங்காம இருக்குமா?"

இந்த ஆண்களிடம் இதுதான் வியாதி. வண்டி என்றால் முதலில் மேட்டைத்தான் பார்ப்பார்கள். வெறும் வண்டியை மேட்டில் விரட்டிப் பார்த்துவிட்டு, ஆகா என்று தோளில் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இசோகோ இருபத்தேழு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மடியில் பழக்கூடையோடு இறங்கியவள். உரம் ஏறும், பழம் இறங்கும். ஏறும்போது முடியாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காவிட்டால் கடல்.

"பதினஞ்சு மூட்டை உரம் ஏத்துங்க. எங்க பாதையில ஏறி இறங்கிக் காட்டுறேன். அப்புறம் பேசலாம்," என்றாள்.

நிஷிமோரி இருபது வருஷமாக வண்டி விற்கிறார். மூட்டை ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. ஆனால் கேட்பது வாடிக்கையாளர், அவள் கையில் ஒரு தடிக் குடையும் இருந்தது. ஏற்றினார்.

கிளட்ச் இல்லாத வண்டிக்கு மட்டும் இசோகோவிடம் லைசென்ஸ் உண்டு. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாற்பத்தைந்து வயதில் எடுத்தது. அதில் "கிளட்ச் இல்லாதது மட்டும்" என்று அச்சடித்தே இருக்கும். அவளே ஓட்டினாள். கழுத்தைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றினாள். வண்டி ஏறியது, குறையே சொல்ல முடியாது. இறங்கும்போதுதான் சேதி தெரிந்தது. சின்ன கியரில் போட்டாலும் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. கால் பிரேக்கை விட்டு எழவே முடியவில்லை. அடிவாரத்தில் இறங்கியவள் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து மூக்கை உறிஞ்சினாள்.

"கருகுற நாத்தம் வருதே?"

"புது வண்டிம்மா. புதுசு அப்படித்தான் வாசனை அடிக்கும்."

"எங்க வீட்டுல தினம் மீன் சுடுறேன். எது புதுசு, எது கருகுறதுன்னு எனக்குத் தெரியும். ஒன்பது நடை பழம் இறக்கணும் நான். ஒரு நடைக்கே இப்படின்னா?"

டவுனுக்குத் திரும்பியதும், நிஷிமோரியின் கொட்டகை மூலையில் கிடந்த ஒரு பழைய பச்சை வண்டியைக் கை காட்டினாள். நிஷிமோரி முகம் சுளித்தார். உள்நாட்டில் ஒரு சீமைப்பனிச்சைப் பழத் தோட்டக்காரர் விட்டுப்போனதாம். கிளட்ச் வண்டி. இசோகோ மேலங்கியோடு தரையில் மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்து அடித்தளத்தைப் பார்த்தாள். துரு ஒரு பொட்டும் இல்லை. கடற்காற்று படாத வண்டி. உள்ளே கியர் கம்பியின் தலையில் முதல் கியருக்கும் கீழே இன்னொரு கியர் எழுதியிருந்தது, ரிவர்ஸுக்கும் அதே மாதிரி ஒன்று. வயலுக்கென்றே போட்ட ஆமைக் கியர்கள்.

இந்தத் தடவை நிஷிமோரி ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்க்கவில்லை. அவருடைய பாதங்களை மட்டுமே பார்த்தாள். அதே பதினைந்து மூட்டை. உச்சியிலிருந்து ஆமைக் கியரில் இறங்கினார். பாதி வழி வந்தபோது அவருடைய இரண்டு பாதங்களும் தரையில் சும்மா இருந்தன. இன்ஜின் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் காதைப் பிடித்து இழுத்து வைத்திருந்தது.

"இதுதான்," என்றாள் இசோகோ.

"ஓட்ட உங்களுக்கு லைசென்ஸ் இல்லியேம்மா!"

"அது என் கவலை."

வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து தேநீர் ஊற்றும்போது எய்சாகு சொன்னார்.

"அந்த வெள்ளை வண்டின்னா இடது காலே வேண்டாம். நானே ஓட்டியிருப்பேன்."

இசோகோவுக்கு அது முதலிலேயே தெரியும். அவர் மறுபடியும் வண்டி ஓட்ட வேண்டும் என்று அவளைவிட யார் ஆசைப்பட்டிருப்பார்கள்? கொட்டகையில் அந்த வெள்ளைக் கதவைத் தொட்டபோது முதலில் நினைத்ததே அவரைத்தான். வாயில் வந்த பதில் முள் மாதிரி குத்தியது, ஆனாலும் சொன்னாள்.

"ஓட்டுவீங்க. இறங்கும்போது? உடைஞ்ச ஒரு காலு போதாதா எனக்கு?"

"ஓட்டத் தெரியாத வண்டிய வாங்குனவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி."

"தெரிஞ்சுக்குவேன்."

"அறுபத்து நாலு வயசுல!"

"இருபத்து நாலு வயசுல மண்ணு தெரியாமத்தான் உங்க மலை ஏறினேன். அப்ப மட்டும் யாரு கத்துக் கொடுத்தாங்க?"

அன்றைக்குத் தேநீரை எய்சாகு ஆறவிட்டே குடித்தார்.

கிளட்ச் வண்டிக்கு லைசென்ஸை மாற்ற டவுனில் பயிற்சிப் பள்ளி. நாலு மணி நேரப் பாடம், பிறகு தேர்வு. ஆசிரியர் ஓகிதாவுக்கு இருபத்தெட்டு வயது. முதல் பாடத்தில் அவள் இன்ஜினைப் பதினொரு தடவை அணைத்தாள். பன்னிரண்டாவது தடவை வண்டி குதித்ததில் ஓகிதாவின் கண்ணாடி மடியில் விழுந்தது.

"இசோகோ அம்மா, கிளட்ச்ச சட்டுனு விடாதீங்க. மெதுவா, பூ மாதிரி."

"பூ மாதிரின்னா? நான் பழம் பறிக்கிறவ. பழம் மாதிரி சொல்லுங்க."

ஓகிதா யோசித்தார். "சரி. காம்ப முறிக்காம பழத்தைக் கூடையில வைக்கிற மாதிரி."

அதற்கப்புறம் இன்ஜின் மூன்று தடவைதான் அணைந்தது.

வீட்டில் அவள் ஊறுகாய் ஜாடிகளின் மரமூடி மூன்றை வரிசையாகத் தரையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்றையும் மாற்றி மாற்றி மிதிப்பாள். இடது கையில் சோற்றுக் கரண்டி, அதுதான் கியர். எய்சாகு முதல் இரண்டு நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏய், கியர் மாத்துறியா, கஞ்சி கிண்டுறியா? கிளட்ச்ச முழுசா மிதி!"

"மிதிச்சுட்டேன்!"

"பொய். சத்தம் வரல."

"மூடியில எப்படிங்க சத்தம் வரும்?"

"எனக்குக் கேக்கும். மறுபடியும் மிதி. இப்ப விடு... விடு... அங்க பிடிக்குது பாரு, அங்கயே நிறுத்து! ம்ம். இப்பக் கொஞ்சம் பெட்ரோல் குடு."

அப்படியே ஒரு வாரம். பார்த்தவர்கள் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கழன்றுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

தேர்வு நாளன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. வளைவு, குறுக்குச் சந்து, ரயில்வே கேட், எல்லாம். கடைசியில் பள்ளி மைதானத்தில் கட்டியிருக்கும் சின்ன மேடு. நடுவில் நிறுத்தி, பின்னால் சறுக்காமல் கிளம்ப வேண்டும். இசோகோ மேட்டடிக்கு வந்தாள். வந்து, என்ன நினைத்தாளோ, அழகாக வண்டியைத் திருப்பினாள். கழுத்தைப் பின்னால் திருப்பி, ரிவர்ஸ் போட்டு, ஒரு உதறல் இல்லாமல் மேட்டில் ஏறி, நடுவில் நிறுத்தி, மறுபடி கிளம்பி, உச்சியில் போய் நின்றாள். மலை என்றால் முதுகைக் காட்டித்தான் ஏற வேண்டும் என்று இருபத்தேழு வருஷம் ஊறிய உடம்பு. அவளைக் கேட்டுக்கொண்டா செய்யும்?

பக்கத்தில் இருந்த தேர்வாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"அம்மா, முப்பது வருஷமா இந்த வேலைல இருக்கேன். இவ்வளவு அழகா ஒருத்தர் ஃபெயில் ஆகி நான் பாத்ததே இல்ல."

தாகாஉராவில் அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஷிகெதோ தெருவில் நின்று சிரித்த சிரிப்பு துறைமுகம் வரைக்கும் கேட்டது. "அண்ணி, அடுத்த தடவ எழுத்துப் பரீட்சையையும் கடைசிப் பக்கத்துலேர்ந்து எழுதிடுங்க!" இசோகோவும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து, ஜாடி மூடிகளின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எய்சாகு ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏறினியா இல்லியா?"

"ஏறினேன்."

"சறுக்குச்சா?"

"இல்ல."

"அப்ப எதுக்குடி அழற? திசைதான தப்பு. திசைய ஒரு நாள்ல மாத்திக்கலாம்."

கூட ஒரு பாடம் படித்தாள். இரண்டாவது தேர்வில் மூக்கை முன்னால் வைத்தே ஏறினாள். பாஸ். ஓகிதா கைதட்டினார். அவருக்கு அவள் ஒரு பெட்டிப் பழம் அனுப்புவதாகச் சொன்னாள், குரங்கு மேட்டுப் பழம்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி பறிப்பு தொடங்கியது. அந்த வருஷம் மரம் ஒவ்வொன்றும் கிளை தரையைத் தொடக் காய்த்திருந்தது. வெட்டப்போகிறார்கள் என்று அவற்றுக்கும் சேதி போயிருக்கும்போல. கூலிக்கு இரண்டு பெண்கள் பறித்தார்கள், இசோகோவும் பறித்தாள். முதல் நடைக்குப் பதினைந்து பெட்டி, பெட்டிக்கு இருபது கிலோ. கயிறு கட்டி இறுக்கிவிட்டு அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறியபோது, அடிவாரத்தில் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையிலிருந்து எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். ஷிகெதோ கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். எய்சாகுவும் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து வாயில் வைத்திருந்தார்.

ஆமைக் கியர். கிளட்சைப் பழத்தைக் கூடையில் வைக்கிற மாதிரி விட்டாள். வண்டி மூக்கைத் தாழ்த்திச் சரிவுக்குள் நுழைந்தது. முன்னால் கண்ணாடி முழுக்கக் கடல். இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போனது. அதை மிதித்தால் இன்ஜின் பிடி விட்டுப்போகும், வண்டி அதன்பாட்டுக்கு ஓடும் என்று ஓகிதா பத்துத் தடவை சொல்லியிருந்தார், எய்சாகு நூறு தடவை. காலை இழுத்துத் தரையில் வைத்தாள். வலது கால் பிரேக்கின் மேலேயே நின்றது. நிஷிமோரியின் பாதங்களை நினைத்துப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எடுத்தாள்.

வண்டி ஓடவில்லை. முணுமுணுத்துக்கொண்டு, கோவில் ஊர்வலம் வருகிற வேகத்தில், முந்நூறு கிலோ பழத்தை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. சுவரில் உட்கார்ந்திருந்த காகம் பறக்கக்கூட இல்லை, தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தது. இசோகோவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது, துடைக்கக் கையை எடுக்க முடியாமல் அப்படியே ஓட்டினாள்.

"நடந்தே வந்திருக்கலாம் போலிருக்கே!" என்று யாரோ கத்தினார்கள்.

"முந்நூறு கிலோவைத் தூக்கிக்கிட்டு நீ நடடா பாக்கலாம்!" என்று பதிலுக்குக் கத்தியது எய்சாகு. பெட்டியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார், ஊன்றுகோல் இல்லாமல்.

வண்டி கொட்டகை முன்னால் வந்து நின்றது. ஷிகெதோ குனிந்து, முன் சக்கரத்தில் கையை வைத்தான். சக்கரம் குளிர்ந்து கிடந்தது.

பதினாறாம் தேதிக்குள் எட்டு நடை இறங்கிவிட்டது. அன்றைக்குக் காலையில் தூறல். ஷிகெதோவின் தோட்டத்துப் பாதையும் செங்குத்துதான், அவனிடம் இருப்பதும் நிஷிமோரியின் வெள்ளை வண்டிதான். ஈரத்தில் இறக்கப் பயந்து, நாற்பது பெட்டியை மேலேயே அடுக்கி வைத்துவிட்டு வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணி, நம்ம தோட்டத்துலயும் கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

"ரெண்டு மூணு நடை..."

"சரியா கேக்கல ஷிகெதோ. காது மந்தம், வயசு அறுபத்து நாலு ஆச்சு."

கொட்டகையில் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தர்கூட வேலை செய்யவில்லை.

"நம்ம தோட்டத்துப் பழத்தையும் இறக்கிக் குடுங்க அண்ணி. தயவுசெஞ்சு. மரம் வெட்டுற பேச்ச நான் குழுவுல வாபஸ் வாங்கிடுறேன். வாங்கிட்டேன்னே வெச்சுக்குங்க."

"மத்தியானம் மூணு மணிக்கு வரேன்," என்றாள் இசோகோ. "பாதையில உழுந்த இலையெல்லாம் பெருக்கி வை. வழுக்கும்."

அவன் பெருக்கினான். பழக் குழுத் தலைவன் விளக்குமாறு பிடித்ததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

ஒன்பதாவது, கடைசி நடை பதினெட்டாம் தேதி. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இசோகோ பச்சை வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க."

"நானா? நான் வந்தா ரெண்டு பெட்டி இடம் போயிடும்," என்றார் எய்சாகு.

"போகட்டும்."

காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். அவர் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினார். இசோகோ மாட்டிவிட்டாள். பிறகு கழுத்தைத் திருப்பி, ஆமை ரிவர்ஸில் போட்டு, மலை ஏற ஆரம்பித்தாள். மேலே போகப் போகக் கீழே ஊர்க் கூரைகள், அப்புறம் துறைமுகம், அப்புறம் முத்துச்சிப்பி வளர்க்கும் மிதவைகள், அப்புறம் தீவுகள், எல்லாம் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே போயின. இருபத்தேழு வருஷம் எய்சாகு இதே பாதையில் பின்னால் திரும்பிக் கல்சுவரைப் பார்த்தே ஏறி, சக்கரத்தடியை மட்டும் பார்த்தே இறங்கியிருந்தார்.

"இத்தன வருஷமா நீ இதையா பாத்துக்கிட்டு வந்த?" என்றார்.

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொன்னா நீங்க திரும்பிப் பாத்திருப்பீங்க. அப்புறம் ரெண்டு பேரும் அதுலயே போய் விழுந்திருப்போம்."

உச்சியில் வண்டி நின்றது. ஒன்றரை வருஷமாக அவர் மிதிக்காத மண். கதவைத் திறந்து, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முதல் மரத்தடியில் நின்றார். பறித்தபின் பாரம் இறங்கிய கிளைகள் மேலே நிமிர்ந்திருந்தன. மரத்தைத் தட்டினார், அடுத்ததைத் தட்டினார். மேட்டுக்கு மேலே சும்மா கிடந்த புதர்ச் சரிவைக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். அவர் பார்த்த விதமே வேறாக இருந்தது. மே மாதத்தில் தலையை ஆட்டிய மனுஷன் இல்லை அது.

"இசோகோ, அந்தப் புதர எடுத்துட்டா அங்கயும் வைக்கலாம்போல இருக்கே. வண்டிதான் வருதே. மார்ச்சு மாசம் ஒரு இருபது கன்னு சொல்லி வைப்போமா?"

இசோகோ கடைசிப் பெட்டியைக் கயிற்றில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அறுபது சொல்லியாச்சு," என்றாள். "ஏறுங்க, பழம் காத்துக்கிட்டு இருக்கு."